ஒரே ஒரு சீன எழுத்தை முழுசா கத்துக்கறது எப்படி: 'ஷின்', அதாவது மனசு

சீன மொழி ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் பண்றது என்னன்னா, ஒரு ஆப்பை இறக்கிட்டு, ஒரு நாளைக்கு இருபது எழுத்துன்னு டார்கெட் வச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தத்தை மனப்பாடம் பண்ணிட்டு ஓடிக்கிட்டே இருப்பாங்க. சில மாசம் கழிச்சு ஒரு சாதாரண கடை போர்டை பார்த்தா எழுத்தெல்லாம் தெரிஞ்ச எழுத்தாதான் இருக்கும், ஆனா போர்டு என்ன சொல்லுதுன்னு மட்டும் புரியாது. சீன எழுத்து ஒவ்வொண்ணும் தனியா நிக்கும்போது ஒண்ணு சொல்லும், இன்னொரு எழுத்தோட சேர்ந்தா வேற சொல்லும், இன்னொரு எழுத்துக்குள்ள போய் உட்கார்ந்தா மூணாவதா ஒரு வேலை பார்க்கும், இந்த மூணையும் பிடிக்காம அட்டை மட்டும் புரட்டினா கையில எதுவும் நிக்காது.

அதனால என்கிட்ட யார் கேட்டாலும் நான் சொல்றது, முதல்ல ஒரே ஒரு எழுத்தை எடுங்க, அதை அடி முதல் நுனி வரைக்கும் தெரிஞ்சுக்கோங்க, அப்புறம் மத்ததுக்கு போங்க. நான் எப்பவும் எடுக்கச் சொல்றது 'ஷின்'. எழுத நாலே நாலு ஸ்ட்ரோக், அதாவது பேனாவை தூக்காம ஒரே இழுப்புல போடற கோடு, ஆனா இது கலந்த வார்த்தைகள் தினசரி பேச்சுல கொட்டிக்கிடக்கு. தமிழ் பேசறவங்களுக்கு இதுல பெரிய வசதி ஒண்ணும் இருக்கு, அதை அஞ்சாவது படியில சொல்றேன்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். சீனத்துல ஒவ்வொரு அசைக்கும் டோன் உண்டு, அதை நான் பக்கத்துலயே நம்பரா போட்டிருக்கேன். 1 உயரத்துல சமமா நிக்கறது, 2 கீழேருந்து மேல ஏறறது, 3 தாழ்ந்து போறது, 4 மேலேருந்து சட்டுன்னு விழறது, 5ன்னா டோன் இல்லாம லேசா தொட்டுட்டு போறது. தமிழ் எழுத்துல சீன உச்சரிப்பை அச்சு அசலா கொண்டுவர முடியாது, அதனால ஆப்ல ஆடியோவையும் கேட்டுக்கோங்க.

படி 1: எழுத்தை கண்ணால பாருங்க

போன் செட்டிங்ஸ்ல கீபோர்டு போய் சீனம், எளிமையாக்கப்பட்ட எழுத்து, பின்யின் (சீன உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்துல எழுதற முறை) அப்படின்னு சேர்த்துக்கோங்க. அப்புறம் மெசேஜ் பாக்ஸ்ல எக்ஸ், ஐ, என் மூணு எழுத்தையும் தட்டுங்க. மேல வரிசையா சீன எழுத்துகள் வரும், எல்லாமே 'ஷின்'தான், ஏன்னா ஒரே சத்தத்துக்கு நிறைய எழுத்து உண்டு. புதுசுன்னு அர்த்தம் வர்ற எழுத்து 13 ஸ்ட்ரோக்கோட நெருக்கமா இருக்கும், நம்பிக்கை, கடிதம்னு அர்த்தம் வர்றது 9 ஸ்ட்ரோக். நம்ம ஆளு அந்த வரிசையிலயே ரொம்ப காலியா தெரியும், ஒரு வளைஞ்ச கோடு, அதை சுத்தி மூணு புள்ளி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்கும். அதை தட்டி பெருசாக்கி ஒரு நிமிஷம் சும்மா பாருங்க.

படி 2: கையால எழுதுங்க

டைப் பண்ணா போதாதா, எதுக்கு எழுதணும்னு கேட்பீங்க. எழுதினாதான் இந்த எழுத்து வேற எழுத்துக்குள்ள சுருங்கி உட்கார்ந்திருக்கும்போது கண்ணு அதை கண்டுபிடிக்கும். சீனப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எழுதற கட்டம் போட்ட நோட்டு மாதிரி நீங்களே ஒரு சதுரம் போட்டு, நடுவுல குறுக்கும் நெடுக்கும் லேசா ரெண்டு கோடு போட்டு நாலா பிரிச்சுக்கோங்க.

முதல் ஸ்ட்ரோக் இடது பக்கப் புள்ளி, பாதி உயரத்துக்கு கொஞ்சம் கீழ, மேலேருந்து இடது கீழ் பக்கமா சாய்ஞ்சு வரணும். ரெண்டாவதுதான் முக்கியம், இதுக்கு சீனத்துல 'படுத்த கொக்கி'ன்னு அர்த்தம் வர்ற பேரு, வோ4 கோவ்1. முதல் புள்ளிக்கு கொஞ்சம் வலது பக்கம் ஆரம்பிச்சு, கீழ இறங்கி, அடியில வலது பக்கமா வளைஞ்சு போய், முடியற இடத்துல பேனாவை நிறுத்தி, நடுவை பார்த்து இடது மேல் பக்கமா ஒரு சின்ன கொக்கி. மூணாவது ஸ்ட்ரோக் நடுப் புள்ளி, வளைவுக்கு உள்ள கொஞ்சம் மேல. நாலாவது வலது புள்ளி, கொக்கிக்கு வெளியில.

இதுல ரெண்டு இடத்துல கவனம் வேணும். வளைவை ரொம்ப ஆழமா போட்டுட்டா எழுத்து தொங்கிப் போகும், அது படுத்த மாதிரிதான் இருக்கணும், நிமிர்ந்து நிக்கக்கூடாது. இன்னொண்ணு, மூணு புள்ளியும் ஒரே உயரத்துல வரக்கூடாது, இடது தாழ்வா, நடு உயரமா, வலது அதுக்கு பக்கத்து உயரத்துல. ஸ்ட்ரோக் எண்ணிக்கை குறைஞ்ச எழுத்துதான் அழகா எழுத கஷ்டம், நாலு ஸ்ட்ரோக்ல ஒண்ணு நகர்ந்தாலும் பேலன்ஸ் போயிடும்.

பி4ன்னு இன்னொரு எழுத்து இருக்கு, 'கண்டிப்பா'ன்னு அர்த்தம். அது நம்ம எழுத்துக்கு குறுக்கால சாய்வா ஒரு கோடு இழுத்த மாதிரியே இருக்கும், 5 ஸ்ட்ரோக். பார்க்க சொந்தக்காரங்க மாதிரி இருந்தாலும் பிறப்பு வேற, மனசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்துடுங்க, அப்புறம் குழம்பாது.

படி 3: சத்தம்

ஷின்1. நுனி நாக்கை கீழ்ப்பல்லுக்கு பின்னாடி வச்சுக்கிட்டு, நாக்கோட முன்பகுதியை மேலண்ணத்துக்கு கிட்ட கொண்டுபோய் 'ஷி' சொல்லுங்க, நம்ம ஷவை விட மெல்லிசா, ச பக்கம் சாய்ஞ்ச மாதிரி வரும். கடைசியில 'ன்' தெளிவா நிக்கணும், 'ங்' ஆச்சுன்னா அது ஷிங்1, நட்சத்திரம்.

டோன் 1ங்கறது ஸ்ருதிப் பெட்டி மாதிரி, பிடிச்ச உயரத்துல அப்படியே நிக்கணும், கடைசியில இறங்கவே கூடாது. தமிழ்ல நாம ஒரு வார்த்தையை முடிக்கும்போது குரல் தானா இறங்கும், அந்த பழக்கம்தான் இங்க காலை வாரும், இறக்கிட்டா அது ஷின்4 ஆகி வேற எழுத்தாயிடும். இதுக்கு நான் சொல்ற பயிற்சி, ஷின்4 ஷின்1 அப்படின்னு சேர்த்து சொல்லிப் பாருங்க. இது நிஜமான வார்த்தை, தன்னம்பிக்கைன்னு அர்த்தம், முதல்ல விழுந்து அடுத்தது உயரத்துல நிக்கணும், ரெண்டு டோனோட வித்தியாசமும் ஒரே வார்த்தையில வாய்க்கு பழகிடும்.

இந்த உச்சரிப்பு மாண்டரின்ல, அதாவது சீனாவோட பொது மொழியில மட்டும்தான். இதே எழுத்தை தெற்குச் சீன மொழிகளான கான்டனீஸ்ல சம்னு படிப்பாங்க, ஹொக்கியன்ல சிம், கொரியாவுல ஷிம், வியட்நாம்ல தம், ஜப்பான்ல ஷின்னும் சொல்வாங்க கொக்கொரோன்னும் சொல்வாங்க. பழைய சீனத்துல கடைசியில 'ம்' இருந்துச்சு, மாண்டரின்ல அது 'ன்' ஆயிடுச்சு, தெற்கு மொழிகள்ல அப்படியே தங்கிடுச்சு. மலேசியா, சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு இது ஏற்கனவே காதுல விழுந்த எழுத்துதான், டிம் சம்ல வர்ற சம்மும், மார்க்கெட்ல வாங்கற சாய் சிம் கீரையில வர்ற சிம்மும் இதேதான்.

படி 4: எங்கேருந்து வந்துச்சு

ஹெனான் மாகாணத்துல ஆன்யாங் பக்கம் கிடைச்ச ஆமை ஓடு, மாட்டெலும்பு மேல கீறின எழுத்துகள்தான் இன்னைக்கு கிடைக்கறதுலயே பழைய சீன எழுத்து, மூவாயிரம் வருஷத்துக்கு மேல ஆகுது, 1899ல அறிஞர்கள் கவனத்துக்கு வந்துச்சு. இந்த எழுத்தோட பழைய வடிவங்களை பார்த்தா இதயத்தோட படம்னு சொல்லாமலே தெரியும், அறைகளும் மேல திறந்த குழாயும் சேர்ந்த வடிவம். தூரிகையில வேகமா எழுத எழுத அந்த படம் பிரிஞ்சு பிரிஞ்சு இப்ப இருக்கற வளைவும் மூணு புள்ளியுமா ஆயிடுச்சு. ஆக அந்த புள்ளிகள் அலங்காரத்துக்கு வந்தது இல்லை, ஒரு காலத்துல இதயத்தோட சுவர்.

கி.பி. 100 வாக்குல ஷு ஷென்ங்கறவர் ஷுவோவென் ஜியெட்ஸுன்னு ஒரு அகராதி எழுதினார், எழுத்துகளை 540 தலைப்புல பிரிச்ச முதல் பெரிய முயற்சி அது. அதுல இதுக்கு மனுஷனோட இதயம், உடம்போட நடுவுல இருக்குன்னு விளக்கம் கொடுத்திருக்கார். 'நடு'ங்கற அந்த வார்த்தையை மறக்காதீங்க, ஏழாவது படியில வேலைக்கு வரும். அப்புறம் 1716ல வந்த காங்ஷி அகராதி எழுத்துகளை 214 ரேடிகல்ல, அதாவது எழுத்துகளை வகைப்படுத்த உதவற அடிப்படைப் பாகங்கள்ல, அடுக்குச்சு, அதுல இது 61வது ரேடிகல், இன்னைக்கும் அந்த நம்பரை வச்சே நிறைய அகராதியில தேடலாம்.

படி 5: அர்த்தத்தை தமிழ்லயே பிடிங்க

இந்த படியை தாண்டிப் போயிடாதீங்க, கைடுல முக்கியமான இடமே இதுதான்.

ஆப்ல, புத்தகத்துல எல்லாம் இதுக்கு 'ஹார்ட்'னுதான் போட்டிருக்கும். அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டா பாதி வார்த்தை புரியாமலே போகும், ஏன்னா இங்கிலீஷ்காரங்களுக்கு யோசிக்கறது மூளை, உணர்றது ஹார்ட், ரெண்டும் தனித்தனி. பழைய சீனச் சிந்தனையில அந்த பிரிவே கிடையாது. கி.மு. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த தத்துவ அறிஞர் மென்சியஸ் தெளிவாவே சொல்லியிருக்கார், கண்ணுக்கும் காதுக்கும் யோசிக்கற வேலை இல்லை, ஷின்னோட வேலைதான் யோசிக்கறதுன்னு. யோசிக்கறது, உணர்றது, ஆசைப்படறது, முடிவெடுக்கறது, எல்லாத்துக்கும் ஒரே இடம்.

நமக்கு இது புதுசே இல்லை. மனசுல நினைச்சேன், மனசுல கணக்கு போட்டேன், மனசு வலிக்குது, மனசு வச்சா முடியும், எல்லாத்துக்கும் நாம ஒரே மனசைத்தான் பயன்படுத்தறோம், திருக்குறள்ல 'நெஞ்சொடு கிளத்தல்'னு ஒரு அதிகாரமே இருக்கு, அங்க நெஞ்சு உட்கார்ந்து யோசிக்கவும் செய்யும் ஏங்கவும் செய்யும். சீனத்துல மனக்கணக்குக்கு ஷின்1 சுவான்4, அதாவது மனசு, கணக்கு, அப்படியே நம்ம வார்த்தை. அதனால நோட்டுல எழுதும்போது 'மனசு, நெஞ்சு, உள்ளம், நடு'ன்னு நாலு தமிழ் வார்த்தையை எழுதி வைங்க, இங்கிலீஷ் வழியா சுத்தி வர வேணாம்.

உடம்புல துடிக்கற உறுப்பை சொல்ல மட்டும் பெரும்பாலும் தனி வார்த்தை வரும், ஷின்1 ட்ஸாங்4. டாக்டர் இந்த வார்த்தையை சொன்னா உறுப்பு, பாட்டுல ஷின்னு மட்டும் வந்தா மனசு, இவ்வளவு தெரிஞ்சா போதும்.

பௌத்தம் சீனாவுக்கு போனப்ப இந்த எழுத்து இன்னும் கனமாச்சு. சமஸ்கிருதத்துல சித்தம்னு வந்த இடத்துக்கும் இதையே போட்டாங்க, ஹ்ருதயம்னு வந்த இடத்துக்கும் இதையே போட்டாங்க. ஹ்ருதய சூத்திரத்தோட சீன வடிவம், 260 எழுத்துதான், அதை மொழிபெயர்த்தவரா மரபுல சொல்லப்படறது யுவான் சுவாங், கி.பி. 640 வாக்குல காஞ்சிபுரத்துக்கு வந்து, அது பௌத்த அறிஞர் தர்மபாலர் பிறந்த ஊர்னு எழுதி வச்ச அதே யுவான் சுவாங்தான். அப்புறம் சென், அதாவது ஜென் பௌத்த மரபுல தென்னிந்தியாவுலேருந்து போனவர்னு சொல்லப்படற போதிதர்மர்கிட்ட சீடர் ஹுய்கெ வந்து, என் மனசுக்கு அமைதி இல்லை, நீங்கதான் அமைதிப்படுத்தணும்னு கேட்கறார். அந்த மனசை எடுத்துட்டு வா, அமைதிப்படுத்தறேன்ங்கறார் இவர். எவ்வளவு தேடியும் கிடைக்கலையேன்னு சீடர் சொல்ல, பார்த்தியா, அமைதிப்படுத்தியாச்சுன்னு முடியுது கதை. அந்த உரையாடல்ல வர்ற ஆன்1 ஷின்1, இன்னைக்கும் நிம்மதின்னு சாதாரணமா பேசற வார்த்தை.

படி 6: வேற எழுத்துக்குள்ள இதை கண்டுபிடிங்க

ரேடிகலா வேலை செய்யும்போது இதுக்கு மூணு தோற்றம் உண்டு. எழுத்தோட அடியில உட்கார்ந்தா அகலமா, தட்டையா, ஆனா அதே நாலு ஸ்ட்ரோக். இடது பக்கம் நின்னா ஆளே மாறிடும், நடுவுல ஒரு நெட்டுக் கோடு, ரெண்டு பக்கமும் ரெண்டு சின்னப் புள்ளி, மூணே ஸ்ட்ரோக், எழுதும்போது புள்ளிகள் முதல்ல கோடு கடைசியில. மூணாவது தோற்றம் அபூர்வம், மரியாதை, ஏக்கம் மாதிரி சில எழுத்துகளோட அடியில மட்டும் வரும், நெட்டுக் கோட்டுக்கு பக்கத்துல புள்ளிகள் கூடுதலா இருக்கும், இப்போதைக்கு பார்த்து வச்சா போதும்.

ரொம்ப நல்ல உதாரணம் வாங்4ம் மாங்2ம். ரெண்டுலயும் ஒரே ரெண்டு பாகம்தான், ஒண்ணு மனசு, இன்னொண்ணு இழப்பு, அழிவுன்னு அர்த்தம் வர்ற வாங்2. மனசு அடியில இருந்தா வாங்4, மறக்கறது. மனசு இடது பக்கம் நின்னா மாங்2, பிஸியா இருக்கறது. பாகம் அதே, இடம் மாறினா எழுத்தே வேற. சீன எழுத்துல எங்க உட்கார்ந்திருக்குங்கறதும் ஒரு தகவல்னு இந்த ஜோடி ஒண்ணே புரிய வச்சுடும்.

இன்னொரு பாகம் பெரும்பாலும் சத்தத்துக்காக வர்றது. ஷியாங்3னா நினைக்கறது, ஒருத்தரை தேடறது, மேல இருக்கற பாகம் ஷியாங்4, அது சத்தம் கொடுக்குது, அடியில இருக்கற மனசு இது உள்ளுக்குள்ள நடக்கற விஷயம்னு சொல்லுது. ச்சிங்2னா உணர்வு, பக்கத்துல இருக்கற ச்சிங்1 சத்தத்துக்கு. ரன்3னா பொறுத்துக்கறது, மேல ரன்4னு கத்தி முனை, கீழ மனசு. இதுல கத்தி சத்தத்துக்கும் வேலை செய்யுது, நெஞ்சு மேல கத்தி இருந்தும் பொறுத்துக்கறதுன்னு சீனர்களே நினைவுல வைக்க சொல்லிக்கொடுப்பாங்க. நூ4, கோபம், பா4, பயம், எல்லாத்துலயும் மனசு ஒளிஞ்சிருக்கு. குவாய்4ல கூட இருக்கு, இப்ப வேகம்னு அர்த்தம், பழைய அர்த்தம் சந்தோஷம், அந்த சந்தோஷம் இன்னும் பிறந்தநாள் வாழ்த்துல வர்ற குவாய்4 லஅ4ல உயிரோட இருக்கு.

எனக்கு ரொம்ப பிடிச்சது நின்2. நீன்னு சொல்ற நி3 எழுத்துக்கு அடியில ஒரு மனசை வச்சா அது 'நீங்க' ஆயிடும், பெரியவங்களை, கஸ்டமரை எல்லாம் பீஜிங் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

அன்பு, ஆய்4, இதுலயும் பாருங்க. பழைய வடிவத்துல நடுவுல மனசு இருக்கு, தைவான்லயும் ஹாங்காங்லயும் இன்னைக்கும் அப்படித்தான் எழுதறாங்க. சீனாவுல எழுத்துகளை எளிமையாக்கினப்ப அந்த மனசு போயிடுச்சு, மனசில்லாத அன்பான்னு ஆதங்கப்படறவங்க அங்கயும் உண்டு. சுருக்கம் கையெழுத்து வழக்கத்துலேருந்து வந்ததுன்னாலும் அந்த ஆதங்கம் எனக்கு நியாயமாத்தான் படுது.

மனசு ரேடிகல் இருந்தாலே உணர்வுதான்னு முடிவு பண்ணிடாதீங்க, 'எப்படி'ன்னு கேட்கற ட்ஸன்3 மஅ5ல முதல் எழுத்துக்கு அடியிலயும் மனசு இருக்கு, அங்க உணர்வு ஒண்ணும் இல்லை.

படி 7: வார்த்தைகளை குடும்பமா சேருங்க

அகரவரிசையில எழுதாதீங்க. மனசு பின்னாடி வர்றது ஒரு பக்கம், முன்னாடி வர்றது ஒரு பக்கம்.

பின்னாடி வர்றதுதான் அதிகம். காய்1 ஷின்1, திற கூட மனசு, சந்தோஷம். ஷாங்1 ஷின்1, காயம் கூட மனசு, வருத்தம். ஃபாங்4 ஷின்1, இறக்கி வை கூட மனசு, கவலைப்படாதீங்க. டான்1 ஷின்1, சுமக்கறது கூட மனசு, கவலை. இந்த கடைசி ரெண்டையும் சேர்த்தே படிங்க, ஒண்ணுல மனசுல பாரத்தை சுமக்கறோம், இன்னொண்ணுல இறக்கி வைக்கறோம், நாமளும் மனபாரம் இறங்குச்சுன்னுதான் சொல்றோம். குவான்1 ஷின்1 அக்கறை, ஜுவே2 ஷின்1 உறுதி, ட்சூ1 ஷின்1 கவனக்குறைவு, அதுக்கு எதிர் ஷி4 ஷின்1, நுணுக்கமான கவனம்.

ஷியாவ்3 ஷின்1, சின்ன கூட மனசு, ஜாக்கிரதை. சின்ன மனசுன்னா கஞ்சத்தனம், அற்பத்தனம்னு நமக்கு தோணும், அதுக்கு கூட கண்ணு சேர்த்து ஷியாவ்3 ஷின்1 யான்3னு சொல்வாங்க, அதுதான் அற்ப புத்தி. சீனா போறவங்க கண்ணுல அதிகமா படற போர்டே ஷியாவ்3 ஷின்1 தி4 ஹுவா2, தரை வழுக்கும் ஜாக்கிரதை, ஏர்போர்ட், ஹோட்டல், மால் எங்க தரை துடைச்சாலும் மஞ்சள் போர்டுல இதுதான் இருக்கும்.

முன்னாடி வர்றதுல ஷின்1 ச்சிங்2 மூடு, ஷின்1 ருவான்3 மனசு இளகினவங்க, ஷின்1 ஜி2 அவசரப்படறது. ஷின்1 தங்2 கொஞ்சம் தனி, நமக்கு பிரியமானவங்க கஷ்டப்படறதை பார்த்து நெஞ்சு பதைக்கறது, காசு செலவாகும்போது மனசு கேட்காம இருக்கறதுக்கும் இதே வார்த்தைதான். ஷின்1 லி5 மனசுக்குள்ள, ஷின்1 லி3 உளவியல், கேட்க கிட்டத்தட்ட ஒண்ணு, ரெண்டாவது எழுத்து வேற வேற, டைப் பண்ணும்போது கவனமா தேர்ந்தெடுங்க.

அப்புறம் 'நடு'ங்கற அர்த்தம். ஜோங்1 ஷின்1னா மையம், ஷாப்பிங் சென்டர், சர்வீஸ் சென்டர் போர்டுல எல்லாம் இருக்கும். மலேசியாவுல காங்கோங்னு சொல்ற கீரைக்கு மாண்டரின்ல கோங்1 ஷின்1 ட்ஸாய்4, நடுவுல காலியான கீரை, அந்த தண்டை உடைச்சு பார்த்தவங்களுக்கு விளக்கமே வேணாம். டிம் சம்தான் மாண்டரின்ல தியென்3 ஷின்5, லேசா சாப்பிடற பலகாரம், இதுல ஷின் டோன் இல்லாம லேசா வரும். அ3 ஷின்5னா குமட்டல், இதுலயும் அப்படித்தான். ஷாவ்1 ஷின்1, எரியறது கூட மனசு, என்னன்னு யோசிங்க, நெஞ்செரிச்சல்.

படி 8: வாக்கியத்துல வைங்க

வார்த்தை தெரிஞ்சும் வாக்கியம் தப்பா போறது இங்கதான். டான்1 ஷின்1, குவான்1 ஷின்1 ரெண்டும் நேரா ஆளை எடுத்துக்கும், வோ3 டான்1 ஷின்1 நி3, எனக்கு உன்னை நினைச்சு கவலையா இருக்கு. காய்1 ஷின்1, ஷாங்1 ஷின்1 அப்படி எடுத்துக்காது, அதுக்கு முன்னாடி ஹன்3, அதாவது 'ரொம்ப', போடணும்: வோ3 ஹன்3 காய்1 ஷின்1, நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன். ரெண்டு 3 சேர்ந்து வந்தா முதல்ல வர்றது 2 மாதிரி ஒலிக்கும், அதனால இங்க வோ3 வோ2 மாதிரி கேட்கும், ஹன்3 பின்னாடி 1 வர்றதால ஹன்3னே நிக்கும். நீ என்னை வருத்தப்பட வச்சுட்டேன்னு சொல்லணும்னா நி3 ராங்4 வோ3 ஹன்3 ஷாங்1 ஷின்1, நடுவுல ராங்4 வரணும்.

ஷியாவ்3 ஷின்1க்கு பின்னாடி ஆபத்தானதை அப்படியே வைக்கலாம், ஷியாவ்3 ஷின்1 சஅ1, வண்டி வருது ஜாக்கிரதை. அதுக்கு முன்னாடி பு4 போட்டா ஜாக்கிரதை இல்லாம, அதாவது தெரியாம நடந்துடுச்சுன்னு ஆயிடும், கிளாஸை உடைச்சுட்டு சொல்றது.

இந்த வார்த்தைகள்ல சிலது நடுவுல பிரியும், பாடப்புத்தகத்துல இதை லேட்டாதான் சொல்லித் தர்றாங்க. ஷாங்1 ஷின்1ஐ பிரிச்சு ஷாங்1 லஅ5 தா1 தஅ5 ஷின்1, அவர் மனசை காயப்படுத்திட்டேன். ஃபாங்4 ஷின்1ஐ பிரிச்சு ஃபாங்4 பு5 ஷியா4 ஷின்1, மனசை இறக்கி வைக்க முடியல, அதாவது நிம்மதியா இருக்க முடியல. முதல் எழுத்து வினை, ஷின் அதோட செயப்படுபொருள்னு புரிஞ்சுட்டா பிரியறது ஆச்சரியமாவே இருக்காது.

படி 9: பழமொழி

ரெண்டு போதும். ஷின்1 ஜி2 ச்சஉ1 பு5 லியாவ்3 ரஅ4 தோவ்4 ஃபு5, மனசு அவசரப்பட்டா சூடான டோஃபு சாப்பிட முடியாது. நம்ம ஊர்ல ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும். இன்னொண்ணு தாவ்1 ட்ஸஉ5 ட்ஸுய்3 தோவ்4 ஃபு5 ஷின்1, வாய் கத்தி, மனசு டோஃபு, எல்லா வீட்லயும் இப்படி ஒருத்தங்க இருப்பாங்க, வாய்தான் அப்படி மனசு தங்கம்னு நாம சொல்றோமே அவங்க. நாலெழுத்துத் தொடர்ல ஒரு ஜோடி எடுத்துக்கோங்க, 'ஒரு மனசு ஒரு எண்ணம்'னா முழு ஈடுபாடு, 'மூணு மனசு ரெண்டு எண்ணம்'னா அலைபாயறது, சான்1 ஷின்1 அர்4 யி4.

படி 10: தெரியாத வார்த்தையில சோதிங்க

பழைய பட்டியலையே திரும்ப ஒப்பிச்சா சோதனை ஆகாது. கீழ இருக்கறதுல பாகத்தோட அர்த்தத்தை மட்டும் தர்றேன், முழு அர்த்தத்தை முதல்ல நீங்க யூகிச்சு எழுதிட்டு அப்புறம் படிங்க.

பியென்1 ஷின்1, சாய்ஞ்ச மனசு. ஓரவஞ்சனை, ஒரு பிள்ளை பக்கமே சாயற அம்மாவை சொல்வாங்க. ஹுய்1 ஷின்1, சாம்பலான மனசு. மனசு விட்டுப் போறது. பியென்4 ஷின்1, மாறின மனசு. காதல்ல மனசு மாறிடறது. ஹுவா1 ஷின்1, பூ மனசு. ஒருத்தர்கிட்ட நிக்காம தாவற ஆளு.

கடைசியா ஒரு ஜோடி, இதை நீங்க சரியா சொல்லிட்டீங்கன்னா இந்த எழுத்து உங்களுக்கு வந்துடுச்சு. ஷுஉ1ன்னா காலி, வெறுமை. ஷுஉ1 ஷின்1, காலியான மனசு, அதாவது நிறைய தெரியும்ங்கற நினைப்பு இல்லாம கத்துக்க இடம் விட்டு வச்சிருக்கற மனசு, பணிவு. இதையே திருப்பிப் போட்டா ஷின்1 ஷுஉ1, மனசு உள்ளுக்குள்ள வெறுமையா தடுமாறறது, தப்பு பண்ணிட்டு மாட்டிக்குவோமோன்னு குறுகுறுக்கற நெஞ்சு. ஒண்ணு பாராட்டு, இன்னொண்ணு திட்டு, எழுத்து ரெண்டும் அதே ரெண்டு. ரெண்டையும் வச்சு ஆளுக்கொரு வாக்கியம் எழுதி, சீனம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டுங்க, அவங்க திருத்தற திருத்தத்தையும் அதே பக்கத்துல எழுதி வச்சுட்டு, அடுத்த எழுத்தா ஷோவ்3, அதாவது கை, எடுத்துக்கோங்க, அதுவும் நாலு ஸ்ட்ரோக்தான், இடது பக்கம் நிக்கும்போது அதுவும் மூணா குறையும்.